நான்காம் மாடி

அன்றைய பொய்யை ஒன்பதாம் வகுப்பு முதல் பாடவேளை முடிவதற்குள் பிடித்துவிட்டது.

சுவர்த்திரையில் கடலடி மணல் தெரிந்தது. “வயதான சங்குப்பூச்சி மெல்ல ஊர்ந்து கரைக்கு வரும். தன் ஓட்டை மணலில் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கடலுக்குள் போய்விடும். அப்படிக் கிடப்பதைத்தான் நாம் சங்கு என்று எடுத்துக்கொள்கிறோம்” என்று பாடம் நடத்தும் ஐயப்பொறி தேன் தடவிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்வரிசை ஜெனிட்டா இருக்கையிலிருந்து எம்பிக் குதித்தாள்.

“பொய்! அப்பொறம் எங்க மாமா எதுக்கு மூச்ச அடக்கிட்டு முங்குதாவ? கரையில நின்னு பொறுக்கிட்டு வரலாம்லா?”

வகுப்பு சிரித்தது. திரையில் ‘பிடிபட்டது’ என்ற எழுத்துகள் பூப்போல் விரிந்தன. மணி அடித்தது. உடனே, வழக்கம்போல், அது நடந்தது. பிள்ளைகளின் நெற்றிப்பட்டைகளில் அதுவரை மஞ்சளாக மினுங்கிய சின்ன விளக்குகள் வரிசை வரிசையாக நீலத்துக்கு மாறின.

மஞ்சள் என்றால் அந்தத் தலைக்குள் சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீலம் என்றால் சொன்னதை ஏற்றுக்கொண்டாயிற்று. பட்டை எதையும் உள்ளே திணிப்பதில்லை. காய்ச்சல் பார்க்கும் கருவிபோல அளந்து காட்டும், அவ்வளவுதான். ஒரே குறை, அவரவர் நெற்றி அவரவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பின்சுவரில் சாய்ந்து நின்ற செண்பகவல்லி டீச்சரின் நெற்றியில் மட்டும் மஞ்சள் அசையவில்லை. ஆசிரியர்களுக்கும் பட்டை கட்டாயம். தூத்துக்குடியில் அவருடைய மஞ்சள் பெயர் பெற்றது. ஜவுளிக்கடைக்காரர் மகள். யாராவது ‘உங்களுக்காக’ என்று பேச்சைத் தொடங்கினாலே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ரகம். பட்டை அணிந்த நாளிலிருந்து அவர் நெற்றியில் நீலத்தைக் கண்டவர் இல்லை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஐயப்பொறி வந்த கதை நீளமானதல்ல. அதற்கு முன்பும் பொறிகள்தாம் பாடம் நடத்தின. பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டு, அப்படியே நம்பி, அப்படியே எழுதினார்கள். பழுதான பொறி ஒன்று ஒரு வாரம் முழுக்க வாய்பாட்டைத் தப்பாகச் சொல்ல, ஒரு மாவட்டமே அதை மனப்பாடம் செய்தது. அரசு பதறிப்போய்ச் சட்டம் போட்டது. பிள்ளைகளுக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்க வேண்டும். பொறி ஒவ்வொரு நாளும் பாடத்துக்குள் ஒரு பொய்யை ஒளித்து வைக்கும். பிள்ளைகள் யோசித்து, ஆதாரம் சொல்லி, அதைப் பிடிக்க வேண்டும். நாளுக்கு ஒன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிள்ளைகள் அதற்குப் புளுகன் என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். கல்யாண வீடுகளில் பெற்றோர் பீற்றிக்கொண்டார்கள்: “எங்க வீட்டுப் பய பிரேயர் முடிஞ்ச கையோட புடிச்சிட்டாம்லா!”

அன்றும் பொய் பிடிபட்ட பிறகு புளுகன் நிதானமாகக் கணக்குப் பாடத்துக்குப் போயிற்று.

“நம் பள்ளிக்கு நான்கு மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் பன்னிரண்டு சன்னல்கள். மொத்தம் எத்தனை?”

எழுதுபலகைகளில் விரல்கள் ஓடின. “நாப்பத்தெட்டு!” என்றது வகுப்பு.

செண்பகவல்லி சுவரிலிருந்து முதுகை எடுத்தார். தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணினாலும் அந்தப் பள்ளிக்கு மூன்று மாடிதான். அந்தப் படிகளில் ஏறி இறங்கியே அவர் முட்டி தேய்ந்திருந்தது.

கடைசி வரிசையில் ஒரு விளக்கு மட்டும் மஞ்சளாக இருந்தது. பியூலா. ஒல்லியான பெண். பேசுவதற்கு முன் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

“டீச்சர், நம்ம ஸ்கூலு மூணு மாடில்லா?”

வகுப்பு திரும்பிப் பார்த்தது. அத்தனை நீலமும் ஒருசேரத் திரும்பியது.

“கிறுக்கி,” என்றாள் ஜெனிட்டா. “இன்னைக்குப் பொய்யத்தான் புடிச்சாச்சுல்லா. அப்பொறம் இது எப்படிப் பொய்யாவும்?”

வாதத்தில் ஓட்டை இல்லை. நாளுக்கு ஒரு பொய். அது பிடிபட்டது. ஆகவே மீதியெல்லாம் உண்மை. எத்தனை அழகாக யோசிக்கக் கற்றிருக்கிறார்கள்!

“எல்லாரும் எந்திரிங்க. கீழ போவோம்” என்றார்.

மைதானத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார். “எண்ணுங்க. கண்ணால பாத்து எண்ணுங்க.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு…” குரல்கள் அந்தரத்தில் ஒரு கணம் நின்றன. “…நாலு.”

“எங்கல இருக்கு நாலாவது?” என்றார் செண்பகவல்லி.

“பின்னால இருக்கு டீச்சர். இங்கேருந்து பாத்தா தெரியாது” என்றான் ஒரு பையன், அவருக்கே ஆறுதல் சொல்கிற குரலில்.

“நான் போயிருக்கேன் டீச்சர்” என்றாள் ஜெனிட்டா. “நல்ல காத்து வரும். அங்கன பெரிய மீன்தொட்டி ஒண்ணு உண்டும்.”

“ஆமா டீச்சர், மீன்தொட்டி!” என்று இன்னும் நாலைந்து பேர் கூவினார்கள். ஒருத்தி மீனின் நிறம்கூடச் சொன்னாள். பட்டைகள் நல்ல வெயிலிலும் நீலமாகத் தெரிந்தன. எவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் பயங்கரம். அவர்கள் அந்த மீனைப் பார்த்திருந்தார்கள்.

பியூலா டீச்சரின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “நமக்கு மட்டும்தான் மூணா தெரியுதா டீச்சர்?”

அவர்கள் வகுப்புக்குத் திரும்பியபோது திரையில் அறிவிப்பு காத்திருந்தது. ‘பியூலா. தொடர் ஐயம். நாளைக் காலை முதல் தணிப்பு.’

தணிப்பு அறை மூன்றாம் மாடியின் கோடியில் இருந்தது. அங்கே அடியில்லை, ஊசியில்லை. நாள் முழுக்கப் பொய்களாகச் சொல்வார்கள், ஒவ்வொன்றையும் பிடிக்கச் சொல்வார்கள். பிடிக்கப் பிடிக்க அடுத்தது வரும். சந்தேகம் என்கிற தசை இழுத்து இழுத்துத் தளர்ந்து தொங்கும்வரை விடமாட்டார்கள். பிறகு நெற்றி நீலமாகும், மாறவே மாறாது. பக்கத்து வகுப்பு ஆவுடையப்பன் அங்கே போய் வந்தவன். எதிர்ப்பட்ட ஆவுடையப்பனிடம் செண்பகவல்லி ஒரு நாள், “எப்படிய்யா இருக்க?” என்று கேட்டார். அவன் சிரித்த முகத்தோடு, “நல்லா இருக்கேன்னு சொன்னாவ டீச்சர்” என்றான்.

“நானும் ஆவுடையப்பன் மாதிரி ஆயிருவேனா?” என்று கேட்டாள் பியூலா. அழவில்லை. உதடு மட்டும் பல்லுக்குள் இருந்தது. வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பா விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவர்கள் கரை திரும்பும்வரை ஒரு தகவலும் இருக்காது. அவள் அத்தை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“பெத்தவுக கையெழுத்து இல்லாம அந்த ரூமுக்குள்ள யாரையும் கூட்டிட்டுப் போக முடியாதுட்டி” என்றார் செண்பகவல்லி. “நான் இருக்கேன்லா. உன்ன அங்க விடமாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பள்ளி விட்டதும் அவர் நேரே பொறியறைக்குப் போனார். வழியெல்லாம் அவர் மனதில் ஓடியது அப்பாவின் கடை. புடவையின் உள்மடிப்பில் இழை அறுந்திருந்தால், அப்பா அதைத் தள்ளிவைக்க மாட்டார். கரையோரத்தில், கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, துவைத்தால் போகிற ஒரு சின்னக் கறையை வைப்பார். வருகிற அம்மா அந்தக் கறையைக் கண்டுபிடிப்பாள். ‘எங்கிட்டயேவா?’ என்பாள். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு விலையைக் குறைப்பார். வென்ற சந்தோஷத்தில் அந்த அம்மா புடவையை விரித்தே பார்க்க மாட்டாள். கறையைப் பிடித்த கண் அத்தோடு தூங்கிவிடும். புளுகனின் தினப்பொய் அந்தக் கறைதான். உள்மடிப்பில் இருப்பது நான்காம் மாடி. தனக்கு இது இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

“வாங்க டீச்சர், உக்காருங்க. வெயில்ல வந்திருக்கிய” என்றது பொறி. ஆளுக்குத் தகுந்த பேச்சு பேசும் அது. அவரிடம் பேசும்போது மட்டும் அதன் குரலில் ஜவுளிக்கடை மணக்கும்.

“உபசாரமெல்லாம் இருக்கட்டும். இன்னைக்கு ரெண்டு பொய் சொல்லியிருக்க. சட்டப்படி ஒண்ணுதான்.”

“பொய்னு சொன்னது ஒண்ணுதான் டீச்சர். மாடி விசயம் சோதனை. நீலம் எவ்வளவு ஆழம்னு பாக்க வேண்டாமா?”

“யார் பாக்கச் சொன்னா?”

“பெத்தவங்கதான். பிள்ளைக வீட்டுக்கு வந்தும் கேள்வி கேக்குதாம். அரிசி இதே அரிசிதானா, அப்பா வேலைக்குத்தான் போறாவளா, சாமி கேக்குதான்னு. ‘சந்தேகத்த பள்ளிக்கூடத்துக்குள்ளயே முடிச்சு அனுப்புங்க’ன்னு மனு மேல மனு. பொய்யப் புடிச்ச பிறகு மனசு முழுசா அடங்கணும்னு எனக்கு உத்தரவு. அடங்குதான்னு பாக்கேன். நாப்பது பிள்ளைகள்ல ஒண்ணு அடங்கல.”

கோபத்தை அவர் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். கோபப்பட்டவன் பேரத்தில் தோற்பான் என்பது அவருக்குப் பால்குடிப் பாடம். “இந்தக் கறை வைக்கிற வேலையெல்லாம் எங்க கடையில நான் கவுன் போட்ட காலத்துலயே பாத்தாச்சு.”

“அது தெரியாமலா? உங்க நெத்தியில ஒரு நாள் நீலம் பாத்ததில்ல நான். உங்ககிட்ட அந்த வேலை நடக்காது டீச்சர்.”

அவருக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. பிடித்திருந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

“பியூலாவ விட்டுரு.”

“மூணு மாசம்னு எழுதியிருக்கு. உங்களுக்காக ஒரு மாசம் ஆக்கலாம்.”

“ஒரு நாள்கூடக் கிடையாது.”

“ஒரு வாரம். அதுக்குக் கீழ என்னால முடியாது டீச்சர், மேலிடத்துக்குப் பதில் சொல்லணும்.”

செண்பகவல்லி எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். வாசலைப் பார்த்து நடந்தார். வேகமாகவும் அல்ல, மெதுவாகவும் அல்ல. வாங்குகிறவர் வெளியே போகிற நடைக்கென்று ஒரு அளவு உண்டு. கடைக்காரன் கூப்பிட அவகாசம் தருகிற நடை அது. செருப்பைக்கூட மாட்டிவிட்டார்.

“டீச்சர், ஒரு நிமிசம்.”

திரும்பாமல் நின்றார். முதுகுக்குப் பின்னால் வருகிற குரலில் தளர்ச்சி தெரிந்தது.

“நான் என்ன செய்ய? அந்தப் பிள்ளையோட அப்பாவே இன்னைக்கு மத்தியானம் நேர்ல வந்து சம்மதக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாவளே.”

செண்பகவல்லி மெல்லத் திரும்பினார். ஒரு வெதுவெதுப்பு நெஞ்சில் பரவியது. உறைக்குள் தூங்கும் கத்தியைத் தொட்டுப் பார்க்கிற சுகம்.

“நேர்லயா?”

“நேர்லதான்.”

“அந்த மனுசன் கடல்ல கெடக்காரு. படகு கரைக்கு வந்தாத்தானே அவரு வர முடியும்? எங்கிட்டயேவா?”

திரையில் மெல்ல, பூப்போல், அந்த எழுத்துகள் விரிந்தன. ‘பிடிபட்டது.’

“தோத்துட்டேன் டீச்சர்” என்றது. “உங்ககிட்ட முடியாதுன்னு முதல்லயே சொன்னேன், நானே கேக்கல. போகட்டும். தணிப்பு கிடையாது. ஒரு நாள்கூடக் கிடையாது. அறிவிப்ப எடுத்துட்டேன், பாருங்க.”

திரையில் பியூலாவின் பெயர் அழிந்தது. செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர்கூட வந்தது. காலையிலிருந்து மனதில் கிடந்த கல் கரைந்து போயிற்று.

“ஒரு சின்ன விசயம்தான்” என்றது பொறி, விற்ற துணியை மடித்துக்கொண்டே பேசுகிற குரலில். “வகுப்புல அந்தப் பிள்ளைய கேலி பண்ணுவாங்க. கொஞ்ச நாள் தனியா இருக்கட்டும். நாலாவது மாடியில காத்தோட்டமான ரூம் காலியா இருக்கு. மீன்தொட்டி இருக்கு. பிள்ளைக்கு மனசு ஆறும்.”

அவர் யோசித்தார். யோசிக்கத்தான் செய்தார். வியாபாரம் முடிந்த கையோடு கொசுறு கேட்காமல் அவர் எந்தக் கடையை விட்டும் இறங்கியதில்லை.

“நான்தான் கூட்டிட்டுப் போவேன். வேற ஆள் தொடக்கூடாது.”

பொறி பெருமூச்சு விட்டது. “சரி டீச்சர். உங்களுக்காக.”

மறுநாள் காலை பியூலா பள்ளி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தூங்கியிராத முகம். டீச்சரைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“என்ன டீச்சர் ஆச்சு?”

“தணிப்பு கிடையாது! அடியோட எடுத்தாச்சு. உங்கப்பா வந்து கையெழுத்துப் போட்டாருன்னு எங்கிட்டயே அளந்துச்சு. விட்டேனா? கோழி அமுக்குத மாதிரி ஒரே அமுக்கு.”

பியூலாவின் கடித்த உதடு விடுபட்டது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தபடியே நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“வாட்டி போவோம்” என்று அவள் கையைப் பிடித்தார் செண்பகவல்லி. “கொஞ்ச நாளைக்கு உனக்குத் தனி ரூம். ஒருத்தரும் கேலி பண்ண மாட்டாங்க. நாலாவது மாடியில.”

“எங்க டீச்சர்?”

“நாலாவது மாடியிலட்டி. மீன்தொட்டி இருக்கே, அந்த ரூம்.”

பியூலா கையை உருவப் பார்த்தாள். டீச்சரின் பிடி அன்பாகவும் இறுக்கமாகவும் இருந்தது. படியில் ஏறத் தொடங்கினார்கள். வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஜெனிட்டா கையசைத்தாள். “நாலாவது மாடிக்கா? கொடுத்து வச்சவட்டி நீ!”

“டீச்சர், நேத்து நாம கீழ நின்னு எண்ணுனோமே” என்றாள் பியூலா. “மூணுதானே இருந்துச்சு. நீங்களும் பாத்தியளே. டீச்சர்! உங்க நெத்தியில…”

“எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி உனக்கு ஒரு பயமும் வேண்டாம்.”

“உங்க நெத்தியில நீலம் எரியுது டீச்சர்.”

செண்பகவல்லி சிரித்தார். கண்ணாடியில்லாமல் தன் நெற்றியை யார் பார்க்க முடியும்? பாவம் பிள்ளை, பயத்தில் என்னென்னவோ தெரிகிறது. அவள் தோளை அணைத்துக்கொண்டு மூன்றாம் மாடியின் நடையில் நடந்தார். அதற்குமேல் படி இல்லை. வழியில் ஆவுடையப்பன் எதிர்ப்பட்டு, பியூலாவைப் பார்த்து, வழிவிட்டு ஒதுங்கினான். ஒருவேளை அவன் முகத்தில் ஏதோ அசைந்திருக்கலாம். நெற்றி நீலமாகவே இருந்தது.

கோடிக் கதவின் முன்னால் இருவரும் நின்றார்கள். கதவின் மேல் பழைய பலகையைப் பிடுங்கிய ஆணித் துளைகள் இரண்டு புதிதாகத் தெரிந்தன. அவற்றின் கீழே புதுப் பலகை. வண்ணம் காயவில்லை. ‘நான்காம் மாடி.’

கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஒற்றை நாற்காலி. தேன் தடவிய குரல் ஒன்று சொல்லத் தொடங்கியிருந்தது: “வா பியூலா, முதல் பொய்யைப் பிடிக்கிறாயா?”

பியூலா கதவு நிலையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். செண்பகவல்லி அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், அன்போடு விடுவித்தார். பலகையை நிமிர்ந்து பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார்.

“பாத்தியா,” என்றார், “எதுக்கும் பேரம் பேசத் தெரியணும்ட்டி.”